ஒன்பது யுவான் விவாகரத்து

குய்லானுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்தவள் நான்தான். உடனே என்னை வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். நான் முடி வெட்டுகிறவள். நான்ஜிங்கில் அவளுடைய வாத்துக் கடைக்கும் என் சலூனுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவள் கத்தியை ஓங்கிப் போட்டால் இந்தப் பக்கம் என் கண்ணாடி அதிரும். இருபது வருடமாக அந்தச் சத்தத்தில்தான் முடி வெட்டுகிறேன். வாய் நீளமானவள் என்று தெருவில் எனக்குப் பேர் உண்டு. அது பொய்யில்லை, இந்தக் கதைக்கே அதுதான் காரணம்.

குய்லான் குள்ளம். வலது கை மட்டும் ஆம்பிளைக் கை மாதிரி இருக்கும். காலை நான்கு மணிக்கு எழுந்து, உப்பும் மிளகும் வறுத்துத் தேய்த்து ஊறப்போட்ட வாத்துகளைக் கொதிநீரில் இறக்குவாள். மத்தியானத்துக்குள் அவை வெள்ளை வெளேரென்று கொக்கியில் தொங்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வரிசை தொடங்கும். சமைக்கச் சோம்பலா, விருந்தாளி வந்துவிட்டாரா, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அரை வாத்துதான். அவள் யாரிடமும் வளவளவென்று பேசமாட்டாள். "முன் பாதியா, பின் பாதியா?" என்பது ஒன்றுதான் அவள் கேட்கும் கேள்வி. அதையும் புது ஆட்களிடம் மட்டும்தான் கேட்பாள். பழகிய முகம் என்றால் யாருக்கு நெஞ்சுப் பக்கம், யாருக்குத் தொடைப் பக்கம், யாருக்குச் சாறு கூடுதலாக ஒரு பை என்று அவளுக்கே தெரியும்.

அவள் புருஷன் ஜின்ஷான் டவுன் பஸ் டிரைவர். வெள்ளைக் கையுறை, மடிப்புக் கலையாத சட்டை, எப்போதும் ஒரு நக்கல். நாலரை மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கடைக்கு வருவான். அவனுக்காக அன்றைக்கு இருப்பதிலேயே நல்ல தொடைத் துண்டு ஒன்று, நீலக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, அலமாரியில் இருக்கும். கடை திறக்கும் முன்பே அதை எடுத்து வைத்துவிடுவாள். கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்கும் என் பெண்டாட்டி என்னை மறக்கல" என்று வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி சொல்லுவான். கிழவிகள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்கும் அவனைப் பிடிக்கும். பிடித்தது என்பதைத்தான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

2016-ஆம் வருடம் ஊருக்கே வீட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. என் நாற்காலியில் உட்காருகிற ஒருத்திகூடத் தலையைப் பற்றிப் பேசியதில்லை. போன மாதம் என்ன விலை, இந்த மாதம் என்ன விலை, யாருடைய மச்சான் எத்தனை வீடு பிடித்திருக்கிறான், இதே பேச்சு. சாயம் காய்வதற்குள் விலை ஏறிவிட்டது என்று ஒருத்தி பாதித் தலையோடு எழுந்து ஓடியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் குய்லானின் அம்மா இறந்துபோய், ஊரில் அவள் அம்மா வீட்டை இடித்ததற்கு அரசாங்கம் கொடுத்த பணம் குய்லான் கைக்கு வந்தது. ஜின்ஷானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றுக்கு வடக்கே புதுசாகக் கட்டுகிற கோபுரத்தில் ஒரு வீடு பிடித்தே ஆக வேண்டும் என்றான்.

ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், நான்காவது மாடியில், கடன் எல்லாம் அடைத்து முடித்த இரண்டு அறை வீடு. புதுச் சட்டப்படி, வீடு இருக்கிற குடும்பம் இன்னொன்று வாங்கினால் முன்பணம் இரண்டு பங்கு கட்ட வேண்டும். வீடே இல்லாதவர்களுக்குத்தான் சலுகை. தரகன் பெங், டை கட்டிய சின்னப் பையன், அதை என் சலூனில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டே அவர்களுக்கு விளக்கினான். குய்லான், "அப்ப நமக்கு இல்ல" என்று எழுந்துவிட்டாள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது.

நானும் என் புருஷன் டிங்கும் மூன்று வருடம் முன்பே அந்த வித்தையைச் செய்தவர்கள். விவாகரத்து செய்துகொண்டு, ஒருவர் பேரில் பழைய வீட்டை எழுதி, வீடில்லாத இன்னொருவர் பேரில் புது வீட்டை வாங்கி, நாற்பத்தோராவது நாள் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டோம். எங்கள் ஊரில் இதற்குப் பொய் விவாகரத்து என்று பேர். பாதித் தெரு செய்தது. நான் அதைச் சாமர்த்தியம் என்று பத்துப் பேரிடம் பீற்றிக்கொண்டவள். "ஒன்பது யுவான் ஃபீஸ், அரை மணி நேரம். ஒரு கிண்ணம் வாத்து ரத்த சூப்பை விட மலிவுடி" என்றேன். டிங் என்னைப் பார்த்து நடுங்குகிறவன், வேறு வழியில்லாமல் திரும்பி வந்துவிட்டான் என்பதை அன்றைக்கு நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவு ஆபீஸில் அன்றைக்கு விவாகரத்துக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டியதாம். எல்லாரும் ஜோடி ஜோடியாகச் சிரித்துக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நின்றார்களாம். அங்கே இருந்த எழுத்தர் அம்மா ஒவ்வொரு ஜோடியிடமும், மனசார இரண்டு பேருக்கும் சம்மதமா என்று கேட்டிருக்கிறாள். குய்லான் வெகுளி. "மனசார இல்லைங்க, வீட்டுக்காகத்தான், இது பொய் விவாகரத்து" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இங்க பொய் விவாகரத்துன்னு ஒண்ணு கிடையாதும்மா. விவாகரத்து மட்டும்தான் இருக்கு" என்றாளாம். ஜின்ஷான் குறுக்கே விழுந்து, "சம்மதம்தாங்க, சம்மதம்தான், இவளுக்குத் தமாஷ் ஜாஸ்தி" என்று சமாளித்திருக்கிறான்.

ஒப்பந்தத்தைக் கையால் எழுதித் தர வேண்டியிருந்தது. பழைய வீடு முழுக்க ஜின்ஷானுக்கு, குய்லானுக்கு அதில் பங்கு வேண்டாம், இனிமேல் வாங்குகிற கடன் அவரவர் தலையில். அவள் கையெழுத்து அழகு, பள்ளிக்கூடத்தில் கரும்பலகைச் செய்தி எழுதியவள். "நீயே எழுது, என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்" என்று அவன் சொல்ல, எல்லாவற்றையும் அவளே எழுதினாள். முடிந்ததும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். முன்பெல்லாம் விவாகரத்துப் புத்தகம் பச்சையாக இருக்கும். இப்போது கல்யாணத்துக்கும் சிவப்பு, பிரிவுக்கும் சிவப்பு. அவள் வந்து அதை என்னிடம் காட்டியபோது, இது கல்யாணப் புத்தகமா பிரிவுப் புத்தகமா என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தோம்.

அன்று சாயங்காலமே அவன் வழக்கம்போல வந்து நீலக் கிண்ணத்தைத் தூக்கினான். நான் சும்மா இருப்பேனா? "கல்யாணமாகாத பொம்பளை கடைக்கு என்ன தம்பி வேலை?" என்று கேட்டேன். அன்றிலிருந்து தெருவில் அவனுக்குக் 'காதலன்' என்று பேர் விழுந்தது. "உன் காதலன் வந்துட்டான்" என்று சுவரைத் தட்டிச் சொல்லுவேன். குய்லான் எண்ணெய்க் கையால் வாயை மூட முடியாமல் முழங்கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அம்மா வீட்டுப் பணம் முழுவதும் முன்பணமாகப் போனது. மீதிக்கு முப்பது வருடக் கடன், அவள் பேரில். விற்பனைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டிக் கோபுரங்கள், குட்டி மரங்கள், குட்டிப் பள்ளிக்கூடம் எல்லாம் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த பெண் குய்லானை "அக்கா, அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பதினேழாவது மாடி. வாசலிலேயே மெட்ரோ வரும், நல்ல பள்ளிக்கூடம் வரும், ஆஸ்பத்திரி வரும் என்று பெங் சத்தியம் பண்ணாத குறை.

விலை ஏறியது. வீடு கட்டி முடிப்பதற்குள் ஒன்றரை மடங்கு ஆயிற்று. அந்த வருடங்களில் ஜின்ஷானைப் பார்த்திருக்க வேண்டும். "ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம வீடு" என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னான். மறுபடி பதிவு பண்ணிக்கொள்ளலாம் என்று மூன்று தடவை அவனே கேட்டான். மூன்று தடவையும் தள்ளிப்போட்டவள் குய்லான்தான். முதல் தடவை வங்கியில் கடன் முழுசாக வரவில்லை. இரண்டாவது தடவை இலையுதிர்காலப் பண்டிகை, கடையில் மூச்சுவிட நேரமில்லை. மூன்றாவது தடவை பெங் வந்து, தனித்தனியாக இருந்தால் இன்னொரு வீடும் பிடிக்கலாமே, என்ன அவசரம் என்று ஆசை காட்டினான். அதுவுமில்லாமல் அவளுக்கு அது ஒரு காகிதம். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிறவர்களுக்குக் காகிதம் எதற்கு என்று நினைத்தாள். அவன் ஏன் அத்தனை அவசரப்பட்டான் என்று நானும் யோசிக்கவில்லை. காதல் என்று நினைத்தேன்.

2021 கடைசியில் விலை கீழே இறங்கத் தொடங்கியது. முதலில் யாரும் நம்பவில்லை. மறு வருடம் அந்தக் கட்டடக் கம்பெனி, விற்காமல் கிடந்த பக்கத்துக் கோபுரத்தைப் பாதி விலைக்குக் கூவி விற்றது. முன்பே வாங்கியவர்கள் விற்பனைக் கூடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் கடையை மூடாத குய்லான் அன்றைக்கு மூடிவிட்டுப் போனாள். நானும் துணைக்குப் போனேன். வெந்நீர் கொடுத்த அதே பெண் கண்ணாடிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டாள். கூட்டம் கதவைத் தட்டியபோது ஒரு மேனேஜர் ஒலிபெருக்கியில், "ஏறினப்ப லாபத்தக் கொண்டாந்து எங்ககிட்ட குடுத்தீங்களா?" என்று கேட்டான். கூட்டம் மறுபடி கதவைத் தட்டியது. குய்லான் மட்டும் கண்ணாடி வழியாக அந்தக் குட்டிக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பதினேழாவது மாடியில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மெட்ரோ ஒருவழியாக வந்தது, ஆனால் வாசலில் இல்லை, இருபத்தைந்து நிமிட நடை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இன்றுவரை புல் முளைத்த மைதானம். பெங்கின் ஆபீஸ் மூடிவிட்டது. இப்போது மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு மின்சார வண்டியில் வீடு வீடாகச் சாப்பாடு கொடுக்கிறான். எங்கள் கடைப் பக்கம் வந்தால் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். அவனைத் திட்ட நாக்கு துறுதுறுக்கும், ஆனால் அவனும் அதே கோபுரத்தில் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டவன்.

விற்றால்கூடக் கடன் தீராது என்ற நிலை வந்தது. குய்லான் வாத்து வெட்டித் தவணை கட்டிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் சுளித்ததில்லை. அவளிடம் மாறியது ஒன்றுமில்லை. அவனிடம் ஒரே ஒரு சொல் மாறியது. நம்ம வீடு என்று சொன்ன வாய், உன் வீடு என்று சொல்லத் தொடங்கியது. "உன் ஆத்தங்கரை வீடு எவ்ளோ இறங்கியிருக்கு பார்த்தியா?" என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டே கேட்பான். தொடை மட்டும் அவனுடையது.

அப்போதுதான் அவளாகவே மறுபடி பதிவு பண்ணிக்கொள்ளலாம் என்று கேட்கத் தொடங்கினாள். பணத்துக்காக இல்லை. அவர்கள் மகள் ஷென்ஜெனில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அம்மா அப்பா புத்தகத்தில் பிரிந்தவர்கள் என்று இருந்தால் நன்றாகவா இருக்கும் என்பதுதான் காரணம். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. ரூட் மாற்றியிருக்கிறார்கள், லீவு இல்லை என்றான். குளிர் போகட்டும் என்றான். 2024 பிறந்ததும் ஒரு பெரிய காரணம் கிடைத்தது. எங்கள் பஞ்சாங்கத்தில் அந்த டிராகன் வருடத்தில் வசந்தம் தொடங்கும் நாளே விழவில்லை. அப்படிப்பட்ட வருடத்துக்கு விதவை வருடம் என்று பேர், அதில் கல்யாணம் பண்ணமாட்டார்கள். "விதவை வருஷத்துல கட்டிக்கிட்டா எனக்குத்தான் ஆபத்து. பஸ் ஓட்டறவன்டி நான்" என்றான். அவள் பயந்துபோய், அடுத்த வருடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கோயிலுக்குப் போய் அவன் பேருக்கு ஊதுபத்தி வேறு கொளுத்தினாள்.

அந்த வருடம் ஒன்பதாம் மாதம். சாயம் வாங்க இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தேன். அங்கே ஒரு வீட்டுத் தரகர் கடையின் கண்ணாடியில் வரிசையாகப் படங்கள் ஒட்டியிருந்தன. சும்மா பார்த்துக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றேன். ஒரு சமையலறை. சுவரில் ஒரு நாள்காட்டி. அந்த நாள்காட்டியில் என் பேர்.

வருடா வருடம் வாடிக்கைக்காரர்களுக்கு நான் சலூன் பேர் போட்டு நாள்காட்டி கொடுப்பேன். நிறையப் பேர் வீட்டில் தொங்கும், அதனால் என்ன என்று தேற்றிக்கொண்டேன். கிட்டப்போய்ப் பார்த்தால் கீழே வட்டமான கிங்கோ மரப் பலகை, நடுவில் குழி விழுந்தது, விளிம்பில் சிவப்புத் துணி சுற்றியது. குய்லான் வீட்டில் கறி வெட்டுகிற பலகை அது, அந்தத் துணியைக் கிழித்துக் கொடுத்தவளே நான்தான். படத்துக்கு அடியில் எழுதியிருந்தது: உரிமையாளர் தனி ஆள், விவாகரத்தானவர், அவசர விற்பனை, உடனே காலி செய்து தரப்படும்.

அதைப் படமெடுத்துக்கொண்டு வந்தேன். மூன்று நாள் அவளிடம் சொல்லவில்லை. எனக்கா வாய் அடைத்துப் போகும்? போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி விழும்போதெல்லாம் என் கவனம் தப்பி, ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் காதோரம் மொட்டையே அடித்துவிட்டேன். நான்காம் நாள் மத்தியானம் அவள் கடைக்குள் போய் போனை நீட்டினேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அடுப்பத் தொடைக்காமயே எடுத்திருக்கான்" என்றாள்.

கையைக் கழுவினாள், துடைத்தாள், ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் போகப் பார்த்தேன், "நீங்களும் இருங்கக்கா" என்றாள். நாலரைக்கு அவன் வந்தான். கிண்ணத்தை நோக்கிக் கை போனது.

"அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போடு. பதிவு ஆபீஸ் போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

"இந்த வருஷம் கூடாதுன்னு சொன்னேனே."

"ஆபத்து வந்தா எனக்கே வரட்டும். போலாம்."

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு மேசையில் கிடந்த போனைப் பார்த்தான். படம் அதில் திறந்தே இருந்தது. கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் பேசியதில் பாதி எனக்கு நினைவில்லை, அத்தனை நியாயம் பேசினான். விலை இன்னும் விழும், இப்போது விற்றால்தான் உண்டு, ஆற்றங்கரை வீடு அவளைக் கீழே இழுக்கிறது, சேர்ந்து பதிவு பண்ணினால் அவனையும் சேர்த்து இழுக்கும், ரெண்டு பேரும் மூழ்குவதைவிட ஒருத்தராவது கரையில் நிற்பது நல்லதில்லையா. அவள் குறுக்கே பேசவில்லை. முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"நமக்காகத்தான் விக்கிறேன்னா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவ."

"ஜின்ஷான், நாம பிரிஞ்சது பொய்தானே?"

அவன் கையுறையைக் கழற்றினான். ஒரு விரல், இன்னொரு விரல் என்று மெதுவாகக் கழற்றினான்.

"அப்ப பொய்தான்" என்றான்.

இருபது வருடம் தொடைத்துண்டு தின்றவனே என்று ஆரம்பித்து வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். தெரு கூடிவிட்டது. அவன் கோபப்படவே இல்லை. கதவருகே நின்று, "வழி சொல்லிக் கொடுத்ததே நீங்கதானேக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். அன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைக் குடைந்து என் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, கல்யாணப் புத்தகம்தானா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். டிங் என்ன தேடுகிறாய் என்று கேட்டான். அவனுக்கும் ஒரு திட்டு விழுந்தது.

இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பெண் ஒப்பந்தத்தை இரண்டு தடவை படித்தாள். இது நீங்களே எழுதியதுதானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் குய்லான். "நல்ல கையெழுத்து" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மகளிடம் போனில் சொன்னதற்கு, இரண்டு பேரும் எனக்கு வேண்டும் அம்மா, என்னை நடுவில் நிறுத்தாதீர்கள் என்று அழுதாள். அவளையும் குறை சொல்ல முடியாது.

வீடு பதினோராம் மாதம் விற்றுப்போனது. நல்ல விலை இல்லை என்று கேள்விப்பட்டு எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. ஜின்ஷான் தன் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டான். அவள் பலகையையும் இரண்டு மூட்டையையும் டிங்கின் மூன்று சக்கர வண்டியில் போட்டுக்கொண்டு ஆற்றைத் தாண்டினாள். நானும் கூடப் போனேன். பதினேழாவது மாடி, வெறும் சிமென்ட் சுவர், தரையில் இன்னும் கட்டட மண். எதிர்க் கோபுரத்தில் ஆள் இருக்கிற ஜன்னல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என் அம்மா வீடு இதுதான் அக்கா, என்றாள் அவள். அம்மா வீட்டை இடித்த பணத்தில் வாங்கியது இல்லையா, அதைச் சொன்னாள். குழாயைத் திறந்து பார்த்தாள், தண்ணீர் வந்தது. அங்கே அவள் அழவில்லை. நான்தான் லிஃப்டில் இறங்கும்போது மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தேன்.

இப்போது நான்கு மணி வாத்துக்கு இரண்டரைக்கே எழுந்திருக்க வேண்டும். அப்படியும் ஒரு நாள்கூடக் கடை தாமதமாகத் திறந்ததில்லை. தெருவில் யாரும் அவனைக் காதலன் என்று சொல்வதில்லை, அவன் பேரையே எடுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வரிசை என் சலூன் வாசல் வரை நீண்டிருந்தது. ஒருத்திக்கு முடி சுருட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். வரிசையில் ஏழாவது ஆளாக ஜின்ஷான் நிற்கிறான். மடிப்பு இல்லாத சட்டை. ஆள் கொஞ்சம் இளைத்திருந்தான். சீப்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். எந்த முகத்தோடு வந்தான் என்று எனக்குப் புரியவில்லை. கிழவிகள் யாரும் சிரிக்கவில்லை, வழி மட்டும் விட்டார்கள். அவன் முன்னே போகவில்லை, தன் முறைக்குக் காத்து நின்றான். அதுவே அவளுக்குப் பெரிய மரியாதை செய்வதாக அவனுக்கு நினைப்பு போலிருக்கிறது.

அவன் முறை வந்தது. குய்லான் நிமிர்ந்து அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"முன் பாதியா, பின் பாதியா?" என்று கேட்டாள்.

அவன் ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டான். "பின் பாதி" என்றான்.

வெட்டினாள். என் கண்ணாடி அதிரும் சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. எடை போட்டாள், விலை சொன்னாள். அவன் போனை எடுத்துக் காசு போட்டான். சாறு வேண்டுமா என்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினான். பையை வாங்கிக்கொண்டு நகராமல், "கோபம் இன்னும் போகலையா, குய்லான்?" என்று மெல்லக் கேட்டான்.

"பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றாள்.

அவன் போனான். பஸ் நிறுத்தம் வரைக்கும் போகிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு நான் அவள் கடைக்குள் நுழைந்தேன். நல்லாக் கேட்டாய், அப்படித்தான் கேட்க வேண்டும் என்று முதுகில் தட்டலாம் என்று வாயெல்லாம் பேச்சோடு போனேன். அவள் எனக்கு முதுகு காட்டி அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். நீலக் கிண்ணம் கவிழ்ந்தே இருந்தது. அதை அவள் தூக்கினாள். அடியில் தொடைத் துண்டு இருந்தது. அன்று கடை திறக்கும் முன்பே வைத்தது, நல்ல கொழுத்த துண்டு.

"தினமும் வைக்கிறியாடி?" என்றேன்.

"கை பழகிடுச்சுக்கா. சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவறப்பதான் ஞாபகம் வருது" என்றாள்.

அவள் கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு, அந்தத் துண்டை எடுத்துவந்து தட்டில் மற்றவற்றோடு போட்டாள். வரிசையில் நின்ற பெண்ணைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். அந்தப் பெண் பின் பாதி கேட்டாள், அதே துண்டு அவள் பைக்குள் போனது.